ஒட்டகத்துக்குப் புக்கை வைத்த சனிக்கிழமை

1

மஸ்கட்டுக்கு நான் வந்து இந்தத் தையோடு மூன்று வருஷம். ஊரிலிருந்து போன் எடுப்பவர்கள் எல்லோரும் மூன்று கேள்விதான் கேட்பார்கள். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, எப்போது வருகிறாய். வெயில் நல்ல வெயில். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, பாரை மீன்கூடக் கிடைக்கிறது. வருவது மருமகனின் லீவைப் பொறுத்தது. இந்த வருஷம் நாலாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது. ஒட்டகத்தில் ஏறப் போனாயாமே, ஏறினாயா என்று கேட்கிறார்கள். அதற்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பேத்தி அபி எழுதி முடித்த பள்ளிக்கூடக் கொப்பிகளில் கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும், அவற்றில் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் வசந்தி திருத்துவாள். விஷயத்தில் கைவைக்க நான் விடுவதில்லை.

2

எங்கள் வீடு நாலாம் மாடியில். மருமகனுக்குக் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் இடத்தில் வேலை. விடிய ஐந்தரைக்கே போய்விடுவார். ஆறரைக்கு அபியின் பள்ளிக்கூட பஸ். ஏழரைக்கு வசந்தி மருந்துக்கடை வேலைக்கு இறங்குவாள். அதன் பிறகு இரண்டு மணி வரைக்கும் வீடு என்னுடையது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு குசினி யன்னலைத் திறப்பேன். எதிர்க் கட்டிடத்தின் ஏசிப் பெட்டிகளும் அவற்றின் மேல் குந்தியிருக்கும் புறாக்களும் தெரியும். எந்தப் புறா எந்தப் பெட்டிக்குச் சொந்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். பத்து மணிக்குக் கீழே இறங்கி மலையாளத்தார் கடையில் கறிவேப்பிலை வாங்குவேன். அவர் மலையாளத்தில் விசாரிப்பார், நான் தமிழில் சொல்வேன். ஒரு நாளும் பேச்சுப் பிழைத்ததில்லை.

இந்த நாட்டில் இருக்கும் அனுமதிக் கார்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோதுதான் முதன்முதலாகக் கஷ்டப்பட்டேன். அரசாங்கக் கந்தோரில் விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். என் விரலை அந்த மெஷின் விரலாகவே எடுக்கவில்லை. கறுப்பு அங்கி போட்டிருந்த அதிகாரிப் பெண் என் கையைத் துடைத்து, கிறீம் பூசி, அழுத்திப் பார்த்தாள். சரிவரவில்லை. அம்மா என்ன வேலை செய்தவர் என்று கேட்டாளாம். வசந்தி வாயைத் திறக்கும் முன் எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா வீட்டில் சும்மா இருந்தவர் என்று சொல்லப் போகிறாள்.

"வயலும் பட்டியும் எண்டு சொல்லு" என்றேன். "நாப்பது வரியம் அருவாளும் மாட்டுக் கயிறும் பிடிச்ச கை எண்டு சொல்லு."

வசந்தி முகம் சிவக்கச் சிவக்க அதைச் சொன்னாள். அந்தப் பெண் என் கையைத் திருப்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு பெருவிரலைச் சரித்து வைத்து அழுத்தினாள். எடுத்துவிட்டது. தன்னுடைய தாயின் விரலும் இப்படித்தான், ஈச்சந்தோட்டத்துக் கை என்று வசந்திக்குச் சொன்னாளாம். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கந்தோரில் ஒரு பயமும் இல்லை.

என் பிறந்த திகதியும் ஒரு கதைதான். இந்தியா அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது என்னிடம் பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. மன்னார்க் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், உத்தேச வயதுக்கு ஒரு பத்திரம் எழுதித் தருவார்கள் என்று போனேன். எப்போது பிறந்தீர்கள் என்று கிளாக்கர் கேட்டார். எங்கள் கட்டைக்கொம்பி முதல் கன்று போட்ட கிழமை என்று என்னைப் பெற்ற ஐயா சொல்லுவார் என்றேன். அந்தப் பசுவிடம் பத்திரம் இருக்கிறதா என்று அவர் கேட்க, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவராகவே ஒரு வருஷத்தைப் பார்த்து, ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுத் தந்தார். அந்தக் கணக்கில் இந்த வருஷம் எனக்கு எழுபது. வசந்தி கேக் வெட்டினாள். வெட்டிவிட்டு, "அம்மா, இந்த முறை உங்களுக்குச் சீலை இல்லை. பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஒட்டகத்தில" என்றாள்.

3

ஒட்டகம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஹோலில் ரீவிக்கு மேலே ஒரு பெரிய படம் சட்டம் போட்டுக் கொழுவியிருக்கிறது. அது மருமகனின் தாயார், என் சம்பந்தி. பருத்தித்துறை. முப்பத்தைந்து வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். அப்போது கடற்கரையில் பத்து நிமிஷம் ஒட்டகத்தில் ஏறினார். அதுதான் அந்தப் படம். நல்ல மனிசி. ஆனால் நான் ஒன்று சொன்னால் அதைத் திருத்தி இன்னொரு தடவை சொல்லுவார். படிப்பித்த பழக்கம். நான் தினமும் அந்தப் படத்தின் கீழேதான் கதிரையைப் போட்டுக் கீரை ஆய்கிறேன்.

வசந்தி பாலைவனம் என்று சொன்ன அன்றைக்கே நான் போனை வாங்கிச் சம்பந்திக்கு எடுத்தேன்.

"கடற்கரையில பத்து நிமிசம் இல்லை அக்கா" என்றேன். "பாலைவனத்துக்குள்ள. விடிய ஏறினால் மத்தியானம்தான் இறக்கம்."

"நல்லது. இடுப்புக் கவனம். உங்களுக்கு உயரம் பழக்கமில்லையெல்லோ."

"எருமையில இருந்து வாய்க்கால் கடந்தனான் அக்கா. படம் அனுப்புறன், பாருங்கோ."

அத்தோடு நின்றிருக்கலாம். எங்கள் ஊர் உயிலங்குளத்துக்கும் எடுத்தேன். தம்பியின் மனைவிக்குச் சொன்னேன், அவளுக்குச் சொன்னது முழு ஊருக்கும் சொன்னது. மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிடம் வேண்டுகிறேன், விழாமல் வா என்று பக்கத்து வீட்டு மரியம்மாவும் சொன்னாள். இதற்கு மேல் நான் ஏறாமல் வர ஒரு வழியும் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டேன்.

4

இந்த வருஷம் தைப்பொங்கல் புதன்கிழமை வந்தது. இந்த நாட்டில் வெள்ளியும் சனியும்தான் லீவு. புதன்கிழமை விடியப் பொங்கினால் மருமகன் இருக்கமாட்டார், அபி பஸ்ஸுக்கு ஓடுவாள், வசந்தி ஒரு கண்ணைப் பானையிலும் ஒரு கண்ணை மணிக்கூட்டிலும் வைத்துக்கொண்டு நிற்பாள். போன இரண்டு வருஷமும் அப்படித்தான் நடந்தது. மருமகன் வந்து என் முன்னால் நின்று எதையோ சொல்லத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார். அவர் என்னிடம் அப்படித்தான், மரியாதை அதிகம்.

நானே சொன்னேன். "வெள்ளிக்கிழமை பொங்குவம். சூரியன் அண்டைக்கும் கிழக்காலதான் வரும்."

எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். நான் பெரிய மனது பண்ணி ஒன்றைக் கொடுத்ததுபோல எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை குசினியில் காஸ் அடுப்பில் பொங்கினோம். பல்கனியில் நெருப்பு மூட்டக் கூடாது. கோலத்தை அபி ஒரு பெரிய தட்டில் போட்டாள். பால் நல்ல வடிவாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மருமகன் குளித்து வேட்டியோடு நின்றார். நாலு பேரும் ஒன்றாக நின்று படைத்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை என்பதற்காகச் சூரியன் ஒன்றும் கோபித்த மாதிரித் தெரியவில்லை.

பாலைவனத்துக்குப் புறப்பட்டதும் அன்றைக்குத்தான். மிஞ்சிய பொங்கலை, நாங்கள் அதைப் புக்கை என்றுதான் சொல்வோம், வசந்தி சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

5

மூன்று மணித்தியால ஓட்டம். புல்லில்லாத மலைகள், பிறகு ஈச்ச மரங்கள், பிறகு மணல் தொடங்கியது. மணல் எனக்குப் புதிதில்லை. வசந்தி ஆறு மாதப் பிள்ளையாக இருந்தபோது சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம். வள்ளக்காரர் எங்களைக் கடலுக்கு நடுவில் ஒரு மணல்தீடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வள்ளம் வரும்வரை ஒரு பகல் முழுக்க அந்த மணலில் இருந்தோம். அன்றைக்கு இந்த மணலைவிட்டு எப்போது கால் எடுப்போம் என்று இருந்தது. இப்போது வாகனத்துக்குள் ஏசியில் இருந்து பார்க்கையில், இது முடியாமல் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் நல்லது என்று இருந்தது. மேடு மேடாக, யாரோ கையால் தடவி விட்டதுபோல அவ்வளவு வடிவு.

கூடாரங்கள் போட்டிருந்த இடத்துக்கு மூன்று மணிபோலப் போய்ச் சேர்ந்தோம். வயதையும் நோய் வருத்தத்தையும் கேட்டு ஒரு தாள் தந்தார்கள். கையெழுத்து வைத்தேன். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்க, நான் ஒட்டகங்களைப் பார்க்கப் போனேன்.

பகல் முழுக்க ஆட்களைச் சுமந்துவிட்டு அவை வந்திருந்தன. முகம் மன்னார் டவுனில் றோட்டை மறித்துக்கொண்டு நிற்குமே கழுதைகள், அவற்றின் முகம் மாதிரி. யார் வந்தாலென்ன என்ற பார்வை. ஆனால் மடிந்து இருக்கும் விதம் தனி. முன்னங்கால் மடிந்து, பிறகு பின்னங்கால் மடிந்து, பிறகு முழு உடம்பும் ஒரு பெருமூச்சோடு மணலில் அமர்கிறது. இருந்ததும் இரை மீட்கத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அது மாட்டுச் சாதி என்று பட்டுவிட்டது. கழுத்தைப் பார்த்தேன். குறி சுட்டிருந்தது. இரண்டு கோடு, ஒரு வளைவு.

எங்கள் பட்டியில் மாடுகளின் வலது தொடையில் வே என்று சுட்டிருக்கும். அது ஐயாவின் பெயரின் முதல் எழுத்து. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதன்முதலில் வே என்று கரும்பலகையில் எழுதியபோது, அது எங்கட மாடு என்று நான் எழும்பிச் சொன்னேனாம். வயதான பிறகும் எனக்கு அந்த எழுத்தைக் கண்டால் மாட்டின் மணம்தான் வரும். இந்தியாவுக்குப் போகும்போது பட்டியை அவிழ்த்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வே குறியோடு ஒரு மாடும் அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை.

ஒட்டகக்காரரின் பெயர் ரசூல். சிந்து தேசத்தார், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. அவர் பேசும் ஹிந்தி மருமகனுக்கு விளங்கும். எனக்கென்று ஒரு கிழட்டுப் பெண் ஒட்டகத்தைக் காட்டினார். பெயர் ராணி. அமைதியானது, குழந்தைகளையும் தாய்மாரையும் அதில்தான் ஏற்றுவாராம். நான் அதன் கழுத்தைச் சொறிந்து கொடுத்தேன். தலையை நீட்டி இன்னும் சொறி என்றது. நாளைக்கு உன்மேல்தான் ஏறப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கே எழும்பிவிட்டோம். நல்ல குளிர். ரசூல் நாலு ஒட்டகங்களையும் சேணம் கட்டி வரிசையாக இருத்தி வைத்திருந்தார். நான் காலுக்குச் சப்பாத்து, சீலைக்குக் கீழே வசந்தியின் காற்சட்டை, தலைக்குத் துண்டு என்று தயாராக நின்றேன். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம் என்று வசந்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"நேற்றுப் பொங்கின புக்கை, பழுதாகேல்ல அம்மா. ரெண்டு வாய் சாப்பிடுங்கோ."

நேற்றுப் பொங்கியது என்று அவள் சொன்னதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. நேற்றுப் பொங்கல் என்றால் இன்றைக்கு என்ன?

பொங்கலுக்கு அடுத்த நாள் பட்டிப்பொங்கல். வயல்காரருக்குச் சூரியன் ஒரு நாள், மாடு ஒரு நாள். அன்றைக்கு ஏர் பூட்டமாட்டோம், வண்டி கட்டமாட்டோம், பால் கறக்கமாட்டோம், முழுப்பாலும் கன்றுக்கு. குளத்தில் குளிப்பாட்டி, கழுத்தில் மாலை போட்டு, புக்கையை மாட்டுக்கு ஊட்டிவிட்டுத்தான் ஆட்கள் சாப்பிடுவது. அன்றைக்கு மாட்டின் முதுகில் ஒரு சாக்குத்துண்டும் போடக் கூடாது. இந்தியா முகாமில் எங்களுக்கு மாடு இல்லாத பத்துப் பன்னிரண்டு வருஷமும், பக்கத்து ஊரார் மேய்க்கும் ஆட்டுக்கு என்றாலும் ஒரு பிடி புக்கை வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் ஏசிப் பெட்டிப் புறாக்களுக்கு வைத்திருக்கிறேன். ஒரு வருஷமும் தவறவில்லை. இப்போது அதே நாளில், குளித்து உடுத்து, ஒரு சீவனின் முதுகில் ஏற நிற்கிறேன்.

"நான் ஏறேல்ல" என்றேன். "இண்டைக்குப் பட்டிப்பொங்கல்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மருமகன் மெதுவாகச் சொன்னார். "மாமி, பட்டிப்பொங்கல் வியாழக்கிழமையே முடிஞ்சுது. கலண்டரில கிடக்கு."

"வியாழக்கிழமை பட்டிப்பொங்கல் எண்டால் நாங்கள் புதன்கிழமையெல்லோ பொங்கியிருக்க வேணும், மருமகன்?"

வசந்தி விடவில்லை. இது மாடில்லை, ஒட்டகம் என்றாள். பால் தருகிறது, சுமை சுமக்கிறது, இரை மீட்கிறது, குறியும் சுட்டிருக்கிறது, பிறகென்ன என்று கேட்டேன். அப்போதுதான் அபி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிப்பாள்.

"அம்மம்மா, நீங்கதானே மாத்தினது? வெள்ளிக்கிழமை எண்டு நீங்கதானே சொன்னது?"

"ஓம், நான்தான்" என்றேன். "அதாலதான் ஏறேல்ல."

வேறு யாராவது மாற்றியிருந்தால் அன்றைக்கு நான் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் மாற்றியது அவர்களோடு என்று சொல்லியிருப்பேன். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ராணியின் முதுகில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது, அதில் இருந்து பார்த்தால் அந்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியும். சம்பந்திக்கு என்ன சொல்வது என்பதும் என் மனதில் ஓடாமல் இல்லை. ஆனால் பொங்கல் நாளை மாற்றினவளே அந்த நாளை இல்லையென்று சொன்னால், வெள்ளிக்கிழமை நாங்கள் பொங்கியது வெறும் பாற்சோறு. நாலு பேரும் ஒன்றாக நின்று படைத்ததும் இல்லையென்றாகிவிடும்.

வசந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கடையில சனிக்கிழமையும் வேலை, மூண்டு மாசமா லீவு கேட்டு இதை ஒழுங்கு பண்ணினனான்" என்றாள். அது என்னைச் சுட்டது. நீங்கள் ஏறுங்கோ, நான் பக்கத்தில் நடந்து வாறன் என்றேன். அவள் திரும்பவில்லை.

ரசூல் பாவம், முகம் வெளிறிப்போய் நின்றார். ஒட்டகத்தில் ஏதோ குறை கண்டு நாங்கள் ஏற மறுக்கிறோம் என்று நினைத்துவிட்டார். முதலாளி கேட்டால் அவருக்குத்தான் ஏச்சு. மருமகன் ஹிந்தியில் விளங்கப்படுத்தினார். அவர் கேட்டுக்கொண்டே என்னையும் ராணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மருமகனும் சிரித்துவிட்டார்.

"பதினெட்டு வருசத்தில இந்த ஒட்டகத்துக்கு ஒருத்தரும் லீவு தந்ததில்லையாம் மாமி. தனக்கும்தானாம்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு ராணியின் முன்னால் போய் இருந்தேன். புக்கையை ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மணந்து பார்த்தது. உதட்டால் தடவி எடுத்தது, மெதுவாக, கை நோகாமல். நெற்றியில் வைக்கக் குங்குமம் இல்லை, என் நெற்றியில் இருந்த திருநீற்றையே தொட்டு வைத்தேன். மாலைக்கு என்ன செய்வது என்று பார்க்கையில் அபி தன் கழுத்திலிருந்த மஞ்சள் துணியைக் கழற்றித் தந்தாள். மற்ற மூன்று ஒட்டகங்களுக்கும் அவளே ஊட்டினாள். ரசூலுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம்.

ஒட்டகங்கள் காலையில் எப்படியும் கால் நீட்டி நடக்க வேண்டுமாம். ஆகவே புறப்பட்டோம். ரசூல் எல்லாச் சேணங்களையும் அவிழ்த்து வைத்தார், அபி ஏறிய ஒன்றைத் தவிர. அவள் தான் ஏறத்தான் போகிறேன் என்று ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை. பட்டிப்பொங்கலை ஒருவர் மேல் திணிக்க முடியாது. ராணியின் கயிற்றை என் கையில் தந்தார்கள். நாற்பது வருஷம் பிடித்த மாதிரிக் கயிறுதான், இது மயிரில் முறுக்கியது, கைக்கு மெத்தென்று இருந்தது. மணலில் நடக்கத் தெரியாதவர்கள் குதிகாலை ஊன்றுவார்கள், புதையும். கால்விரலை ஊன்றி நடக்க வேண்டும். மருமகன் இரண்டு தடவை விழுந்தார்.

பத்து நிமிஷம் போயிருக்காது. அபி மேலிருந்து ரசூலைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னாள். என்ன என்று தாய் கேட்க, "அம்மம்மா கீழ நடக்கிறா, நான் மேல இருக்கிறன். ஒரு மாதிரி இருக்கு" என்றாள். இறங்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தாள். எங்களைக் கடந்து வெள்ளைக்காரர்கள் ஆறு பேர் ஒட்டகத்தில் போனார்கள். நாலு வெறும் ஒட்டகங்களும் ஐந்து கால்நடைக்காரருமாக நாங்கள் போவதை அவர்கள் திரும்பித் திரும்பிப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு படம் எங்கேயாவது ஒரு ஹோலில் தொங்கினாலும் தொங்கும்.

முதல் மேடு ஏறினேன். இரண்டாவது மேட்டின் பாதியில் முழங்கால் இரண்டும் இனி இல்லை என்று சொல்லிவிட்டன. நான் யாரிடமும் சொல்லவில்லை, கயிற்றைச் சரிசெய்வதுபோல நின்றேன். ரசூல் பார்த்துவிட்டார். வந்து ராணியின் கழுத்தில் தட்டி அதை இருத்தினார். முன்கால், பின்கால், பெருமூச்சு. ஏறுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். சேணமும் இல்லாத முதுகு என் இடுப்பு உயரத்தில் இருந்தது.

நான் ராணியின் அந்தப் பக்கம் விழுந்திருந்த நிழலுக்குப் போய், அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்து மணலில் இருந்துவிட்டேன்.

சூடாக இருந்தது, மூச்சு உள்ளே போய் வருவது முதுகில் தெரிந்தது. அது இரை மீட்கத் தொடங்கியது. ரசூல் மற்ற மூன்றையும் இருத்தினார். நான் எழும்பும்வரை அவற்றுக்கும் வேலை இல்லை, அவருக்கும் வேலை இல்லை. அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு மணலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். மருமகன் உடுத்துப் படுக்கச் சாறனைக் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு காற்சட்டையோடு படுத்தார். கடைசியாகத்தான் வசந்தி வந்தாள். என் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஒட்டகத்தில் தலையைச் சாய்த்து நித்திரை. மஸ்கட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் அவள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்து, சின்னப் பிள்ளையில் படுப்பதுபோலவே படுத்திருந்தாள். நான் எழும்பாமல் இருந்தேன். முழங்கால் எப்போதோ சரியாகிவிட்டது, அதைச் சொல்லவில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருப்போம். காற்றில் மணல் மெல்ல ஊர்ந்து வந்து எங்கள் சப்பாத்துகளை மூடியது.

7

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின் நான் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தேன். எட்டு மணிக்குப் போன் அடித்தது. சம்பந்தி. காத்திருந்து எடுத்திருக்கிறார்.

"ஏறினியளோ?"

எருமை, வாய்க்கால் என்று நான் பேசியதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஏறினேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? மகளும் மருமகனும் என்னைக் காட்டிக் கொடுக்கமாட்டார்கள்.

"ஏறேல்ல அக்கா" என்றேன்.

"பயந்திட்டியளோ?"

"பயமில்லை. அண்டைக்குப் பட்டிப்பொங்கல்."

அந்தப் பக்கம் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது, கலண்டராகத்தான் இருக்க வேண்டும். "நீங்கள் போனது சனிக்கிழமையெல்லோ. பட்டிப்பொங்கல் வியாழன்" என்று, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உங்களுக்கு வியாழன் அக்கா. இஞ்ச எங்கட வீட்டில சனி."

இதைத் திருத்திச் சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. இருமினார், தண்ணீர் குடித்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அது சரி, ஒட்டகம் புக்கை திண்டுதோ?"

"திண்டுது. கையையும் நக்கிப்போட்டு, பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தது."

சம்பந்தி சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சர்க்கரை போட்டனீங்கள் என்று கேட்டார், நான் சொன்னேன், கூடிப்போச்சு என்றார்.